தேசத்தின் பெயரைச் சுமக்கும் விமானம்: ஏர் இந்தியாவின் வரலாறும் வேலை முறையும்



ஏர் இந்தியா என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மகாராஜா பொம்மைதான். பெரிய தலைப்பாகை, முறுக்கு மீசை, குனிந்து ஒரு வணக்கம். 1946-ல் பாபி கூக்கா என்ற அதிகாரியும் உமேஷ் ராவ் என்ற ஓவியரும் சேர்ந்து உருவாக்கிய பொம்மை அது. மகாராஜாவை நமக்குத் தெரியும். ஆனால் அவர் ஒரு தடவை பறக்கணும்னா கீழே தரையில் யார் யார் என்னென்ன வேலை பார்க்கணும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இது நம்ம சிலபஸில் இல்லாத பாடம். ஆனாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று எல்லாப் பிரிவுக்கும் வேண்டியது இதற்குள்ளே இருக்கிறது.

1. கொடி விமானம் என்றால் என்ன?

மனிதனைப் போலவே விமானத்துக்கும் குடியுரிமை உண்டு. 1944-ல் சிகாகோவில் உருவான சர்வதேச உடன்படிக்கையின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்படுகிறதோ அந்த நாட்டின் விமானமாகவே உலகம் அதைக் கருதும். நம்ம ஊர் பஸ் நம்பர் 'டி.என்.' என்று ஆரம்பிக்கிற மாதிரி, இந்திய விமானங்களின் பதிவெண் 'வி.டி.' என்று ஆரம்பிக்கும்.

பதிவு செய்தால் மட்டும் போதாது. டைம் டேபிள் போட்டு இன்னொரு நாட்டுக்கு விமானம் விட வேண்டுமானால் அந்த நாட்டின் அனுமதி வேண்டும். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு எத்தனை சேவை, எந்தெந்த ஊர் என்று ஒப்பந்தம் போடும். 'எங்கள் சார்பில் இந்த நிறுவனம் வரும்' என்று பெயர் கொடுப்பதும் அரசாங்கம்தான். அந்த நிறுவனத்தின் உரிமையும் கட்டுப்பாடும் பெயர் கொடுத்த நாட்டாரிடமே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள நிபந்தனை. இப்படி ஒரு நாட்டின் பெயரில் உலகம் சுற்றும் நிறுவனத்தைத்தான் 'தேசியக் கொடி விமான நிறுவனம்' என்கிறோம்.

கவனியுங்கள்: அது அரசாங்கச் சொத்தாக இருந்தே தீரணும் என்பதில்லை. ஏர் இந்தியாவே தனியாரிடம் பிறந்து, அரசிடம் வளர்ந்து, மறுபடி தனியாரிடம் போன நிறுவனம். அப்படியானால் கொடி எதில் இருக்கிறது? முதல் போட்டவரிடமா, வாலில் அடித்த பெயின்டிலா, இல்லை வேறு எங்காவதா? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. தபால் பையில் ஆரம்பித்த கதை

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்ற ஒற்றை என்ஜின் குட்டி விமானத்தை ஜே.ஆர்.டி. டாட்டா தாமே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். உள்ளே பிரயாணிகள் கிடையாது, தபால் பைகள்தான். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவந்த தபால் அது. அகமதாபாத்தில் இறங்கி, பிறகு பம்பாய் ஜுஹூவில் வந்து சேர்ந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். ஆக, இந்த நிறுவனத்தின் முதல் பாதையிலேயே சென்னையும் உண்டு.

அன்றைக்கு ரேடியோ வழிகாட்டி கிடையாது. ஜுஹூவில் சரியான ஓடுபாதையும் கிடையாது. மழைக்காலத்தில் அந்த மைதானம் சேறாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையும் மூட்டமும் வேறு. இவ்வளவு கஷ்டத்திலும் முதல் ஆண்டில் நூற்றுக்கு நூறு நேரம் தவறாமல் தபால் சேர்த்தார்கள் என்று அன்றைய விமானப் போக்குவரத்துத் துறையே பாராட்டியது. அந்த முதல் ஆண்டில் ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 155 பேர். லாபம் 60,000 ரூபாய்.

லாபத்தை விடுங்கள். நேரம் தவறவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். ஒற்றை என்ஜின் விமானம் மழையிலும் வெயிலிலும் ஆண்டு முழுக்க நேரத்துக்குக் கிளம்பணும்னா, ஓட்டுபவரின் தைரியம் மட்டும் போதாது. இரவெல்லாம் உட்கார்ந்து என்ஜினைப் பிரித்துப் பார்த்து மூடும் கைகளும் வேண்டும்.

3. அரசாங்கத்தின் கைக்கு

1946-ல் டாட்டா ஏர்லைன்ஸ் பொது நிறுவனமாக மாறி 'ஏர் இந்தியா' என்று பெயர் பெற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு, வெளிநாட்டுச் சேவைக்கென்று 1948-ல் 'ஏர் இந்தியா இன்டர்நேஷனல்' உருவாயிற்று. அதில் அரசின் பங்கு 49 சதவீதம். 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது.

1953-ல் விமானக் கழகங்கள் சட்டம் வந்தது. உள்நாட்டில் பறந்த எட்டு நிறுவனங்கள் ஒன்றாகி 'இந்தியன் ஏர்லைன்ஸ்' ஆயின. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவுக்கு. இரண்டுமே முழுக்க அரசுடைமை. ஆனாலும் ஏர் இந்தியாவின் தலைவராக ஜே.ஆர்.டி.யே 1978 வரை நீடித்தார். 1960-ல் போயிங் 707 வந்தது. அதே ஆண்டு நியூயார்க் சேவை ஆரம்பித்தது. 1962-ல் பழைய பிஸ்டன் என்ஜின் விமானங்களை விட்டுவிட்டு முழுக்க ஜெட் மயமானது. உலகில் அப்படி மாறிய முதல் நிறுவனம் இதுதான் என்பார்கள். 1971-ல் போயிங் 747 ஜம்போ வந்து சேர்ந்தது.

4. கொடிக்கு ஒரு கடமை உண்டு

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. லட்சத்துக்கும் மேலான இந்தியர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். சம்பாதித்த காசு போச்சு, வேலை போச்சு, கையில் பாஸ்போர்ட் இருந்தால் அதுவே பெரிசு. அவர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் நகருக்கு வந்தார்கள். அங்கிருந்து அவர்களை ஏற்றிவர ஏர் இந்தியா முன்னின்று, சுமார் இரண்டு மாதத்தில் 488 சேவைகள் இயக்கப்பட்டன. 1,11,000-க்கும் அதிகமானோர் ஊர் வந்து சேர்ந்தார்கள். தனியார் கம்பெனி லாபக் கணக்குப் போடும் இடத்தில் 'நம்ம ஆளுங்க, போய்க் கூட்டிட்டு வா' என்று சொல்ல ஒரு நாட்டுக்கு ஒரு விமான நிறுவனம் வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு மாதத்துக்கு 488 என்றால் ஒரு நாளைக்குச் சராசரியாக எட்டு சேவை. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் நிரப்பணும், டயர் பார்க்கணும், என்ஜின் பார்க்கணும், கையெழுத்துப் போடணும். செய்தியில் வந்தது விமானம்; அதன் அடியில் ஸ்பேனரோடு நின்றவர்கள் பெயர் எதிலும் வரவில்லை.

5. ஆனைக்கும் அடி சறுக்கும்

2005-06-ல் ஏர் இந்தியாவுக்கு 68, இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43, ஆக 111 புது விமானங்கள் வாங்க முடிவானது. பெரும்பாலும் கடன் பணத்தில். 2007-ல் இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கினார்கள். இருவேறு சம்பள விகிதம், இருவேறு பதவி வரிசை, இருவேறு பழக்கவழக்கம். தனியார் போட்டியும் எண்ணெய் விலையும் சேர்ந்து நெருக்கின. விமானங்கள் வாங்கிய முறையை 2011-ல் மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை கண்டித்தது.

2021 ஆகஸ்ட் கடைசியில் கடன் 61,562 கோடி ரூபாய். அந்த அக்டோபரில் டாட்டா குழுமம் 18,000 கோடிக்கு ஏலம் எடுத்தது: 15,300 கோடிக் கடனை ஏற்பது, 2,700 கோடி ரொக்கம். மிச்சக் கடன் 46,262 கோடி அரசின் தலையில், அதாவது நம்ம தலையில். 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது. பெரிய பராமரிப்பு வேலைகளைச் செய்யும் ஏர் இந்தியா பொறியியல் சேவை நிறுவனம் இந்த விற்பனையில் சேரவில்லை. 2023-ல் 470 புது விமானங்களுக்கு ஆர்டர். 2024 நவம்பரில் விஸ்தாரா நிறுவனம் இணைந்தது. அந்த இணைப்பால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது.

விமானம் வாங்குவது சுலபம். அது ஒவ்வொரு நாளும் கிளம்பும்படி வைத்திருப்பதுதான் கஷ்டம்.

6. ஒரு விமானம் எப்படிக் கிளம்புகிறது?

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதுதான் இது. வரிசையாகப் பார்ப்போம்.

பாதை: காற்று, வானிலை, மூடிக் கிடக்கும் வான்வெளி எல்லாம் பார்த்துப் பாதை போடுவார்கள். குறைந்த தூரம்தான் குறைந்த நேரம் என்று நினைக்காதீர்கள். டெல்லி - சான் பிரான்சிஸ்கோ சேவையை 2016 அக்டோபரில் அட்லாண்டிக் பாதையிலிருந்து பசிபிக் பாதைக்கு மாற்றினார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினாலரை மணி ஆனது. காரணம், பின்னாலிருந்து தள்ளும் மேலைக் காற்று.

எடை: பிரயாணி, சரக்கு, எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டி, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று லோடு ஷீட்டில் காட்ட வேண்டும். முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்த அதே 'மொமென்ட்' கணக்கு. மையம் எல்லை தாண்டிப் பின்னால் போனால் மூக்கு தூக்கும். முன்னால் போனால் எழும்பாது.

மூட்டை: ஏறாத பிரயாணியின் பெட்டி விமானத்தில் போகக் கூடாது. இந்த விதிக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அட்லாண்டிக் மேலே குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தார்கள். பெட்டியைக் கொடுத்த ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. அதன் பிறகுதான் ஆளையும் பெட்டியையும் ஒப்பிடுவது உலகம் முழுக்கக் கறாரானது.

எண்ணெய்: போகும் ஊருக்கு எவ்வளவு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்கு எவ்வளவு, அதற்கும் மேலே கடைசிக் கையிருப்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். டேங்கரில் அளப்பது லிட்டரில். விமானிக்கு வேண்டியது கிலோவில். சூடு ஏறினால் லிட்டர் மாறும், எடை மாறாது என்பது நமக்குத் தெரிந்ததே.

7. ஒரு எண் தப்பினால்

இந்த லிட்டர் - கிலோ விஷயத்தில் இன்னொரு நாட்டின் கொடி விமானம் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் புத்தம் புது போயிங் 767. எண்ணெய் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. அதனால் டேங்கில் குச்சி விட்டு அளந்தார்கள். நீங்களும் பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய எண்ணெய் 22,300 கிலோ. டேங்கில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டரின் எடை 0.803 கிலோ.

சரியான கணக்கு: 7,682 × 0.803 = 6,169 கிலோ இருக்கிறது. 22,300 - 6,169 = 16,131 கிலோ வேண்டும். 16,131 ÷ 0.803 = 20,088 லிட்டர் ஊற்ற வேண்டும்.

அவர்கள் போட்டது: 0.803-க்குப் பதில் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண், கிலோ அல்ல. 7,682 × 1.77 = 13,597. 22,300 - 13,597 = 8,703. 8,703 ÷ 1.77 = 4,917 லிட்டர்.

இருபதாயிரம் லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஐயாயிரம்கூட ஊற்றவில்லை! பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து இரண்டு என்ஜினும் அடங்கின. கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் என்ஜின் இல்லாமலே இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

பாருங்கள், பெருக்கலிலும் கழித்தலிலும் தப்பே இல்லை. கால்குலேட்டரில் போட்டாலும் அதே விடைதான் வரும். தப்பு அலகில். விடைக்குப் பக்கத்தில் யூனிட் எழுதாவிட்டால் ஆசிரியர் அரை மார்க் குறைப்பது ஏன் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.

8. கையெழுத்துப் போடுபவர்

விமானம் தரையிறங்கியதும் ஒரு சோதனை, ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. இது ஓடுபாதைப் பக்கமே நடக்கும் லைன் வேலை. சில நூறு மணி நேரம் பறந்ததும் 'ஏ' செக். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஹேங்கருக்குள் நிறுத்திப் பல நாள் செய்யும் 'சி' செக். பல ஆண்டுக்கு ஒரு முறை ஏறக்குறைய எலும்புக்கூடு தெரியும் அளவுக்குப் பிரித்துப் பார்க்கும் பெரிய செக். கால அளவு ரகத்துக்கு ரகம் மாறும்.

எல்லாப் பழுதையும் சரிசெய்த பிறகுதான் கிளம்பணும் என்பதில்லை. எந்தப் பொருள் வேலை செய்யாவிட்டாலும், எத்தனை நாளைக்கு, என்ன நிபந்தனையோடு பறக்கலாம் என்று அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் ஒன்று உண்டு. 'பரவாயில்லை, போகட்டும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டியல் சொன்னால் போகலாம், சொல்லாவிட்டால் நிற்கணும். விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டு இணைப்புகளில் கை வைத்தால், ஒருவர் செய்ததை இன்னொருவர் தனியாகச் சோதித்து இரண்டு கையெழுத்து விழ வேண்டும். டூல் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்த இடம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு இடம் காலியாக இருந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும் வரை விமானம் நகராது. டார்க் ரெஞ்சுக்குக் காலிபரேஷன் தேதி தாண்டிவிட்டால் அதைத் தொடக் கூடாது.

கடைசியில், 'இந்த விமானம் பறக்கத் தகுதியானது' என்று லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார். நம் நாட்டில் அந்த லைசென்ஸைக் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பி1 பிரிவு என்ஜினும் உடற்பகுதியும். பி2 பிரிவு எலக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு, வழிகாட்டிக் கருவிகள். சும்மா ஒரு சர்ட்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. தனித் தேர்வுகளும் கைவேலை அனுபவமும் வேண்டும்.

நம்ம லேப் ரெக்கார்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரீடிங் சரியாக வராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங் எழுதுவது எல்லாக் கல்லூரியிலும் உள்ள வித்தை. அங்கே கெட்டுப்போவது ஒரு பக்கம் பேப்பர். இங்கே அந்தப் பேப்பரை நம்பி இருநூறு பேர் ஏறி உட்காருகிறார்கள்.

9. திருச்சியும் அகமதாபாத்தும்

2024 அக்டோபர் 11 சாயங்காலம் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கும் மேற்பட்டோர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விமானம் வானத்திலேயே வட்டமடித்தது. தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. 'ஏன் உடனே இறக்க மாட்டேங்கிறாங்க?' என்று கேட்காதவர் இல்லை.

பதில் நம்ம பாடத்தில் இருக்கிறது. அது போயிங் 737-800 ரகம். இந்த ரகம் அதிகபட்சம் சுமார் 79 டன்னோடு எழும்பலாம். இறங்கும்போது சுமார் 66 டன்தான் இருக்கலாம். எண்ணெயை வானத்தில் கொட்டிவிடும் வசதி இதில் இல்லை. ஆகவே எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். பதற்றப்படாமல் விதிப்படி சுற்றினார்கள், பத்திரமாக இறங்கினார்கள்.

எல்லா நாளும் அப்படி முடிவதில்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா போயிங் 787 எழும்பிய சில நொடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். இறந்தவர்களில் சாப்பாட்டு நேரத்தில் இருந்த மாணவர்களும் உண்டு. நம்ம வயசுப் பசங்கதான். இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக 'நிறுத்து' நிலைக்கு மாறின என்று அடுத்த மாதம் வெளியான முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஏன் மாறின என்பதை அது முடிவு செய்யவில்லை. ஆனால் டீக்கடையிலும் செல்போனிலும் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தொழில்நுட்பம் படிக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. ஆதாரம் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு பயிற்சிதான்.

10. கொடி எங்கே இருக்கிறது?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். முதலாளி மாறினார், அரசு வந்தது, அரசு போனது. பெயின்டும் சின்னமும் எத்தனையோ தடவை மாறின. மாறாமல் இருந்து நிறுவனத்தைக் காப்பாற்றியது 1932-லும் ஒன்றுதான், இன்றைக்கும் ஒன்றுதான்: அளந்தது அளந்தபடி, செய்தது செய்தபடி எழுதிக் கையெழுத்துப் போடும் நேர்மை. அது இருக்கும் வரை ஜனங்கள் நம்பி ஏறுவார்கள். நாட்டின் பெயர் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

நம்மில் ஒருவர் இரண்டு பேர் ஹேங்கருக்குப் போகலாம். மற்றவர்கள் மில்லுக்கும், மின்வாரியத்துக்கும், பட்டறைக்கும் போவோம். பாய்லரும் லிஃப்டும் பஸ் பிரேக்கும்கூட யாரோ ஒருவரின் கையெழுத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

யோசிக்க மூன்று கேள்விகள்:

அ) ஏர் கனடா விமானத்தில் 4,917 லிட்டர் ஊற்றிய பிறகு டேங்கில் மொத்தம் எத்தனை கிலோ இருந்தது? வேண்டியதில் அது எத்தனை சதவீதம்?

ஆ) எண்ணெயை லிட்டரில் கணக்கிடாமல் கிலோவில் கணக்கிடுவது ஏன்?

இ) உங்கள் வொர்க்‌ஷாப்பில் இப்போது தொங்கும் டூல் பலகையில் எத்தனை இடம் காலி? அந்த டூல்கள் எங்கே என்று யாருக்காவது தெரியுமா?

முதல் கேள்விக்கு விடை: சுமார் 10,117 கிலோ, 45 சதவீதம். மூன்றாவதுக்கு விடை நாளைக் காலை நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.